மழையும் மணியோசையும்

குருத்துவப் பணியில் எத்தனையோ அடக்கத் திருப்பலிகளை நிறைவேற்றியிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை நினைவிலிருந்து மறைந்துவிட்டன. ஒன்று மட்டும் மறைய மறுக்கிறது. அன்று நான் ஆற்றிய மறையுரை நினைவில் இல்லை; பாடிய பாடல்களும் நினைவில் இல்லை. ஒலிக்க விடாமல் நான் தடுத்த ஓர் ஓசைதான் நினைவில் நிற்கிறது. வாசக அன்பர்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வந்த ஒரு மரணச் செய்தி அந்த எண்ணத்தை எழுத்தாக்கியது.

2008-ஆம் ஆண்டின் குளிர்காலம் அது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் துணைப் பங்குத்தந்தையாகப் பணியாற்ற என் ஆயர் என்னை அனுப்பியிருந்தார். ஆயிரம் தொழில்களின் நகரம் என்று அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. பேனா முள், பொத்தான், துப்பாக்கி, மோட்டார் வண்டி என்று அங்கே செய்யப்படாத பொருளே இல்லை என்பார்கள். நான் சென்ற காலத்தில் அந்தத் தொழிற்சாலைகளில் பல மூடப்பட்டிருந்தன. ஆயினும் அவற்றில் உழைத்துத் தேய்ந்தவர்கள் ஞாயிறுதோறும் கோவிலுக்கு வந்தார்கள். அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். நற்கருணை வழங்கும் குருவுக்கு முகங்களைவிடக் கைகளே விரைவில் பழக்கமாகின்றன. கணு குறைந்த விரல்களை அந்தப் பங்கில் கண்டதுபோல் வேறெங்கும் நான் கண்டதில்லை.

அத்தகைய கைகளை உடைய ஒருவர் இறந்துபோனார். வயது அறுபதைச் சற்றே கடந்திருக்கும். பிரஸ் எந்திரத்தில் தகடு வளைக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவர். அவருடைய வலக்கைச் சுட்டுவிரலில் மேற்கணு இல்லை. அதிகம் பேசமாட்டார். திருப்பலி முடிந்ததும் கடைசி இருக்கையிலிருந்து எழுந்து, தொப்பியை அணிந்துகொண்டு போய்விடுவார். அடக்கத்திற்கான ஏற்பாடுகளைப் பேச அவருடைய மகள் பங்கு இல்லத்திற்கு வந்தார். வாசகங்களைத் தேர்ந்தெடுத்தோம், பாடல்களைக் குறித்துக்கொண்டோம். எல்லாம் முடிந்தபின் தயங்கித் தயங்கி, பையிலிருந்து ஓர் இசைத்தட்டை வெளியே எடுத்தார்.

“ஃபாதர், அப்பாவுக்கு ஓர் ஆசை இருந்தது. பாட்டுக்கூட வேண்டாம். இதன் தொடக்கத்தில் மழை பெய்யும். ஒரு மணி அடிக்கும். அது ஒரு நிமிடங்கூட இராது. பெட்டியைத் தூக்கிச் செல்லும்போது அதை மட்டும் ஒலிக்கவிட்டால் போதும்.”

உறையைப் பார்த்தேன். நிறங்கள் திரிந்த ஓர் ஒளிப்படம். இலையுதிர்ந்த மரங்களின் பின்னே பழைய ஆலை ஒன்று. முன்னே கறுப்பு அங்கி அணிந்து, வெளிறிய முகத்துடன் ஒரு பெண். மேலே குழுவின் பெயர்: பிளாக் சப்பாத். தொகுப்பின் பெயரும் அதுவே. சப்பாத் என்பது ஆண்டவரின் ஓய்வுநாளுக்குரிய சொல். ஐரோப்பியப் பழங்கதைகளில் சூனியக்காரிகளின் நள்ளிரவுக் கூட்டத்தையும் அதே சொல்லால் குறிப்பார்கள். மடித்திருந்த உறையைத் திறந்தேன். உட்பக்கம் முழுவதையும் நிறைத்தபடி, தலைகீழாகக் கவிழ்ந்த சிலுவை ஒன்று கிடந்தது.

அதற்குமேல் நான் பார்க்கவில்லை; கேட்கவும் இல்லை. குருமடத்தில் இத்தகைய இசையைப் பற்றி எச்சரிக்கப்பட்டவன் நான். வழிபாட்டைப் பற்றிக் கர்தினால் இராட்சிங்கர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ராக் இசைவிழாக்கள் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு எதிரான ஒரு வழிபாடாகவே உருக்கொள்கின்றன என்று எழுதியிருந்ததும் மனத்தில் இருந்தது. “இது இறைவனின் இல்லம். அலகையின் பெயரை விற்றுப் பிழைப்பவர்களின் ஓசை இங்கே ஒலிக்காது. உங்கள் தந்தையின் ஆன்ம நலனை எண்ணியாவது இதை இனி வீட்டில் வைத்திருக்காதீர்கள்” என்றேன்.

அந்தப் பெண் வாதாடவில்லை. “அப்பா ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் இங்கே வந்தவர், ஃபாதர்” என்று மட்டும் சொன்னார். இசைத்தட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து சென்றார். அடக்கம் முறைப்படி நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பற்றி நன்றி சொன்னார். அதன்பின் அவரை நான் கோவிலில் காணவில்லை.

அன்றிரவு உணவு மேசையில் நடந்ததை மூத்த பங்குத்தந்தையிடம் விவரித்தேன். என் உறுதியை அவர் பாராட்டுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “அதை நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா?” இல்லை என்றேன். “நானும் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பையன்கள் ஆஸ்டன்காரர்கள். பக்கத்துப் பகுதிதான். அவர்களில் ஒருவன் நம் மக்களைப் போன்ற குடும்பத்தில் பிறந்தவன்” என்று சொல்லிவிட்டு, தேநீரைக் கலக்கத் தொடங்கினார். அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. மறுவாரம் நகர நூலகத்தின் இசைப் பிரிவிற்குச் சென்று, அந்தத் தொகுப்பைக் குறுந்தகடாக இரவல் பெற்று வந்தேன்.

முதலில் மழை. தொலைவில் இடி. அதனூடே ஒற்றை மணி, அடக்கத்திற்கு அடிக்கும் மணியைப்போல் இடைவெளிவிட்டு ஒலிக்கிறது. அதைக் கலைத்துக்கொண்டு கிட்டார் நுழைகிறது. மூன்றே சுரங்கள்; மிக மெதுவான நடை. கீழ்ச் சட்ஜம், மேல் சட்ஜம், பின் அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமத்தில் ஒரு நடுக்கம். நம் இசையின் பெயர்களில் சொன்னால் அவ்வளவுதான். பிறகு ஓர் இளைஞனின் குரல். கறுப்பு உருவம் ஒன்று எதிரே நிற்பதைக் காண்கிறான், அது தன்னையே சுட்டுகிறது என உணர்கிறான், திரும்பி ஓடுகிறான். அவன் அலகையைப் புகழவில்லை. அதை அழைக்கவும் இல்லை. அஞ்சி நடுங்கி, காப்பாற்றும்படி கடவுளைக் கூவி அழைக்கிறான். அந்த இடத்தில் ஒலியை நிறுத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கோவிலுக்குள் நுழைய விடாமல் தடுத்தது ஒரு மன்றாட்டையா?

அந்தச் சுர இடைவெளியைப் பற்றிக் குருமடத்தில் ஒரு கதை சொல்வார்கள். இசையில் அலகை என்று அதற்குப் பெயராம். இடைக்காலத் திருச்சபை அதைத் தடைசெய்ததாம். தடைக்கு ஆதாரம் ஏதும் இல்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பாடகர்களின் வாய்க்கு எளிதில் வராத இடைவெளி என்பதால் பழைய இசையாசிரியர்கள் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள். அலகையின் பெயரை அதற்குச் சூட்டிய எழுத்துகள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் காணக்கிடைக்கின்றன. அதே இடைவெளி நம் கல்யாணி இராகத்தில் எத்தனை மங்கலமாக ஒலிக்கிறது! சுரத்தில் அலகை இல்லை. அதைக் கேட்பவனின் அச்சத்தில் என்ன குடியிருக்கிறது என்பதே கேள்வி.

அதன்பின் அந்தத் தொகுப்பின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் பங்கு மக்களின் கைகளே கண்முன் வந்தன.

கிட்டார் வாசித்த டோனி அயோமி இத்தாலிய வழிவந்த குடும்பத்தினர். 1965-இல், தம் பதினேழாம் வயதில், ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஓர் இசைக்குழுவுடன் வெளிநாடு செல்லவிருந்ததால் அன்றே அவருக்குக் கடைசி வேலைநாள். நண்பகல் உணவுக்கு வீடு வந்தவர், திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பிவைத்தார். பிரஸ் எந்திரத்தை வழக்கமாக இயக்குபவர் அன்று வராததால் அயோமியை அதில் நிறுத்தினார்கள். எந்திரம் அவருடைய வலக்கையின்மேல் இறங்கியது. நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போயின. இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவையே.

மருத்துவர்கள் இனி வாசிக்க இயலாது என்றார்கள். அப்போது அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டுடன் அவரைப் பார்க்க வந்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிட்டார் மேதையினுடையது. 1928-இல் தாம் குடியிருந்த வண்டிவீடு தீப்பற்றியபோது இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்து, எஞ்சிய விரல்களால் உலகப்புகழ் பெற்றவர் அவர். அதைக் கேட்ட அயோமி மனம் தேறினார். நெகிழிக் குப்பி ஒன்றை உருக்கி, விரல்நுனிக்கு உறைகள் செய்து, பழைய தோலாடையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டார். தடித்த தந்திகள் வலித்ததால் பாஞ்சோவுக்குரிய மெல்லிய தந்திகளைப் பூட்டினார். கனத்த உலோகம் என்று பொருள்படும் ஹெவி மெட்டல் இசை பிறந்தது இப்படித்தான். உலோகத்தால் நசுங்கிய ஒரு கையிலிருந்து. அந்த மேற்பார்வையாளர் செய்ததை மேய்ப்புப்பணி என்றே நான் சொல்வேன். துன்புற்றவனிடம் அவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுபோனார். நான் துன்புற்றவளிடம் ஓர் இசைத்தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

பேஸ் கிட்டார் வாசித்துப் பாடல்களில் பலவற்றை எழுதிய கீசர் பட்லர், அயர்லாந்திலிருந்து வந்த பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மூத்த பங்குத்தந்தை குறிப்பிட்டது இவரைத்தான். இளமையில் மாந்திரீக நூல்களில் ஆர்வம் கொண்டு தம் அறைக்குக் கறுப்பு வண்ணம் பூசினார். ஓரிரவு விழித்தபோது கட்டிலின் காலடியில் ஒரு கறுப்பு உருவம் நின்றதாகவும், அந்த அச்சத்திற்குப்பின் அவ்விளையாட்டைக் கைவிட்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த நிகழ்ச்சியே முதல் பாடலின் கரு. அவர் அடிக்கடி வாசித்துவந்த, ஹோல்ஸ்ட் இயற்றிய செவ்வாய்க் கோளின் இசையிலிருந்து அந்த மூன்று சுரங்கள் அயோமிக்குத் தோன்றினவாம். பாடிய ஓஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்திலும், மோட்டார் வண்டி ஒலிப்பான்களைச் சோதிக்கும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். டிரம்ஸ் வாசித்தவர் பில் வார்ட். நால்வரும் 1948, 1949-ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள். போரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குண்டுவீச்சில் இழந்த நகரத்தின் இடிபாடுகளே அவர்களுக்கு விளையாட்டுத் திடல்.

எர்த் என்பது குழுவின் முந்தைய பெயர். வேறொரு குழுவுக்கும் அதே பெயர் இருந்ததால் 1969-இல் மாற்ற வேண்டியதாயிற்று. போரிஸ் கார்லாஃப் நடித்த ஒரு திகில் படத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். காசு கொடுத்து அஞ்சுவதற்கு மக்கள் வரிசையில் நிற்பதைக் கண்டு, அச்சத்தையே இசையாக்கலாமே என்று எண்ணினார்கள். 1969 அக்டோபர் 16 அன்று இலண்டனின் ரீஜென்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், ரோட்ஜர் பெய்ன் தயாரிப்பில், ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். மேடையில் வாசிப்பதைப்போலவே வாசித்துவிட்டுக் கருவிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மழையும் இடியும் மணியும் பின்னர் சேர்க்கப்பட்டவை. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ நிறுவனம் தொகுப்பை வெளியிட்டது. பதின்மூன்றாம் நாளும் வெள்ளியும் கூடினால் தீது என்பது அந்நாட்டினரின் நம்பிக்கை. விமர்சகர்கள் பழித்தார்கள். ஆயினும் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடத்தையும், அமெரிக்காவில் இருபத்துமூன்றாம் இடத்தையும் அது எட்டியது.

என்னை வெகுளச் செய்த அந்தக் கவிழ்ந்த சிலுவை? அது நிறுவனத்தின் வேலை. தங்களைக் கேட்காமலே அச்சிடப்பட்டது என்று குழுவினர் பின்னாளில் கூறினார்கள். அவர்கள் கழுத்தில் அணிந்ததோ நேரான சிலுவை. தொழிற்சாலையில் கருவிகள் செய்பவரான ஓஸியின் தந்தை உலோகத்தில் செய்துகொடுத்த சிலுவைகள் அவை. இன்னொன்றையும் நான் மறந்திருந்தேன். ஆண்டவரைப்போல் நேராகச் சாகத் தமக்குத் தகுதி இல்லை என்று தலைகீழாக அறையப்பட்டவர் புனித பேதுரு என்பது நம் மரபு. கவிழ்ந்த சிலுவை எத்தனையோ ஆலயங்களில் அவருடைய அடையாளமாக நிற்கிறது. இறையியல் பயின்ற எனக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வரும்போது கற்றவை போய்விடுகின்றன.

இத்தொகுப்பை நான் புனிதமாக்க முயல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஏழு பாடல்களில் இரண்டு, பிறர் பாடியவற்றை எடுத்துப் பாடியவை. ஒன்று மந்திரவாதி ஒருவனைப் பற்றியது. டோல்கீனின் கதையில் வரும் கண்டால்ஃபை எண்ணி எழுதியதாகப் பட்லர் சொன்னார். அந்த டோல்கீன் இதே பர்மிங்காமில், புனித நியூமன் நிறுவிய ஆரட்டரியைச் சேர்ந்த ஒரு குருவின் பாதுகாப்பில் வளர்ந்த கத்தோலிக்கர் என்பது இனிய பொருத்தம். மற்றொரு பாடலில் அலகையே பேசுகிறது. ஒரு பெண்மீது காதல் கொள்கிறது. அதை நான் இன்றும் விரும்பிக் கேட்பதில்லை. அதன் தலைப்பை இரகசியக் குறியீடாக எண்ணிப் பலர் மிரண்டார்கள். உண்மையில் அது பில் வார்டின் தாடி பேனா முள்போல் இருக்கிறது என்னும் கேலியிலிருந்து வந்த பெயர். இருளை விலைப்பொருளாக்கினால் இருளையே நாடி வருபவர்களும் உண்டு என்பதைக் குழுவினரும் பின்னர் உணர்ந்தார்கள். 1971-இல் வந்த மூன்றாவது தொகுப்பில், கடவுள் நம்பிக்கையை ஏளனம் செய்வோரை நோக்கிக் கேள்வி கேட்கும் பாடல் ஒன்றைப் பட்லர் எழுதினார். ஆவிகளைத் தேர்ந்து தெளிய வேண்டும் என்று புனித இஞ்ஞாசியார் கற்பித்தார். கண்டவுடன் ஏற்பது தெளிதல் அன்று. கண்டவுடன் எறிவதும் தெளிதல் அன்று. முதலில் காது கொடுக்க வேண்டும்.

இதில் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது ஒரு காலப் பொருத்தம். 1969 ஆகஸ்டு 15 அன்று திருச்சபை புதிய அடக்கச் சடங்குமுறையை வெளியிட்டது. பல நூற்றாண்டுகளாக இறந்தோர் திருப்பலியில் பாடப்பட்ட, இறுதித் தீர்ப்பின் நாளை நினைந்து நடுங்கும் இலத்தீன் பாடல் அப்புதிய முறையில் இடம்பெறவில்லை. உயிர்ப்பின் நம்பிக்கை ஒளிர வேண்டும் என்பதே நோக்கம். அது நல்ல நோக்கம். நான் அதை முழுமனத்தோடு ஏற்பவன். ஆனால் மனிதனின் அச்சம் சடங்கு நூலிலிருந்து நீங்கியதால் மனிதனிடமிருந்து நீங்கிவிடுமா? இரண்டே திங்கள் கழித்து, ஞானமுழுக்குப் பெற்ற பிள்ளை ஒருவனும் அவன் தோழர்களும், ஒரு மணியையும் நடுக்கத்தையும் இலண்டனில் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். ஒன்றால் மற்றொன்று நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. நம் பீடத்தில் இடம் குறைந்த ஓர் உணர்வு தெருவில் தனக்கு இடம் தேடிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது.

நம் திருப்பாடல் நூல் அந்த உணர்வுக்கு அஞ்சியதே இல்லை. 88-ஆம் திருப்பாடலைப் பாருங்கள். அது எந்த ஆறுதலிலும் முடிவதில்லை, இருளிலேயே முடிகிறது. ஆயினும் திருச்சபை வாரந்தோறும் வெள்ளி இரவு மன்றாட்டில் அதைத்தான் நம் உதடுகளில் வைக்கிறது. இருளிலிருந்து கூவுவதும் செபமே என்பதனால் அன்றோ? அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் பிரஸ் எந்திரத்தின் கீழே கை வைத்து எடுத்தவர். ஒவ்வொரு முறை அது இறங்கும்போதும் அவருள் என்ன நிகழ்ந்தது என்பதைச் சொல்ல அவரிடம் சொற்கள் இல்லை. தம்மைப்போல் விரல் இழந்த ஒருவர், தம் ஊர்க்காரர், அதைச் சொல்லியிருந்தார். தம்மை அடக்கம் செய்கையில் அது சற்றே ஒலிக்கட்டும் என்று அவர் விரும்பினார். அவ்வளவுதான்.

வழிபாட்டு விதி என் பக்கம் இருந்தது. பதிவுசெய்த உலகியல் இசைக்குத் திருப்பலியில் இடம் இல்லை என்பதை இன்றும் சொல்வேன். ஆனால் விதி என்னிடம் கேட்டது மறுப்பை மட்டுமே, அவமதிப்பை அன்று. வீட்டில், முந்தைய நாள் இரவுச் செபத்தில் ஒலிக்கவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். கல்லறையில் மண் தூவியபின் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்றிருக்கலாம். அதுவும் இயலாதென்றால், “அப்பாவுக்கு இது ஏன் பிடித்தது?” என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். தந்தையை இழந்து மூன்று நாள் ஆகாத பெண்ணிடம், தந்தையின் ஆன்மாவைப் பற்றி அச்சுறுத்திப் பேசினேன். அன்று என் இல்லத்தில் அச்சத்தை விற்றவன் நான்தான்.

அந்தப் பெண்ணின் வீட்டிற்குச் சென்றேன், கதவு திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு மடல் எழுதினேன். இசைத்தொகுப்பைக் கேட்டேன் என்றும், அவருடைய தந்தை ஏன் விரும்பினார் என்பது ஓரளவு புரிகிறது என்றும் எழுதினேன். மறுமொழி வரவில்லை. அதற்கு அவர் கடமைப்பட்டவரும் அல்லர். ஒப்புரவு அருட்சாதனத்தில் இதை அறிக்கையிட்டேன். மன்னிப்புப் பெற்றேன். ஆனால் மன்னிப்புப் பெறுவதும், ஒருவரின் இழப்பைத் திருப்பித் தருவதும் ஒன்றல்லவே. என் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பும்வரை, ஞாயிறுதோறும் கடைசி இருக்கையை என் கண்கள் தேடிக்கொண்டிருந்தன.

ஆண்டுகள் கடந்தன. 2017-இல் அதே அயோமி, பர்மிங்காமின் ஆங்கிலிக்கன் பேராலயத்திற்காக, 133-ஆம் திருப்பாடலைத் தழுவிய பாடல் ஒன்றுக்கு இசையமைத்தார் என்று படித்தேன். உடன்பிறந்தார் ஒன்றித்து வாழ்வதன் நன்மையைச் சொல்லும் திருப்பாடல் அது. நான் வாயிலில் நிறுத்திய இசையின் சொந்தக்காரர் வேறொரு வாயில் வழியே ஆலயத்திற்குள் வந்துவிட்டார். 2019-இல் நகரின் பிராட் தெருவில் உள்ள கால்வாய்ப் பாலம் ஒன்றுக்குக் குழுவின் பெயரைச் சூட்டினார்கள்.

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனில் தாங்கள் பிறந்து வளர்ந்த தெருக்களுக்கு அருகேயுள்ள வில்லா பார்க் திடலில், நால்வரும் இறுதியாக ஒருமுறை கூடி வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க இயலாத ஓஸி, அரியணை போன்ற ஓர் இருக்கையில் அமர்ந்து பாடினார். அந்நிகழ்ச்சியின் வருவாய் நோயுற்றோருக்கும் சிறுவர் மருத்துவமனைக்கும், மரணத்தறுவாயில் உள்ள குழந்தைகளைப் பேணும் இல்லத்திற்கும் என அறிவிக்கப்பட்டிருந்தது. பதினேழு நாள்கள் கழித்து, ஜூலை 22 அன்று, தம் எழுபத்தாறாம் வயதில் ஓஸி மறைந்தார். அவருடைய உடலைத் தாங்கிய வண்டி அந்தப் பாலத்தின் அருகே நின்றபோது, தெருவெங்கும் மக்கள் திரண்டு நின்று அழுததைப் படங்களில் பார்த்தேன். நரைத்த தாடியும் கறுப்புச் சட்டையுமாக நின்ற உழைப்பாளிகளிடையே, என் பங்கில் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்த முகத்தின் சாயலைப் பலமுறை கண்டேன்.

அந்தத் தொகுப்பு வெளிவந்த ஆண்டில் பிறந்தவன் நான். அதற்கும் எனக்கும் ஒரே வயது. இன்று நான் பணியாற்றும் பங்கில் யாரேனும் இறந்தால், வாசகங்களைக் குறிப்பதற்கு முன், அவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று குடும்பத்தாரிடம் கேட்கிறேன். சிலர் பழைய திரைப்பாடலைச் சொல்வார்கள். சிலர் வெட்கத்துடன் சிரிப்பார்கள். திருப்பலியில் அதைப் பாட நான் இசைவதில்லை. ஆனால் வீட்டு முற்றத்தில் அவர்களோடு அமர்ந்து கேட்கிறேன். அந்தச் சில நிமிடங்களில் இறந்தவரைப் பற்றி நான் அறிந்துகொள்வது, பங்குப் பதிவேட்டில் ஒருநாளும் கிடைக்காதது.

நவம்பர் திங்களில் இறந்த ஆன்மாக்களுக்காகச் செபிக்கும்போது என்னிடம் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கும். அதில் தொலைதூர நகரம் ஒன்றில் அடக்கம் செய்யப்பட்ட அந்த மனிதரின் பெயரும் இருக்கிறது. அவருடைய பெயர் வரும்போது சற்றே நிறுத்துகிறேன். அங்கே மழை பெய்துகொண்டிருக்கும். மணி ஒன்று அடிக்கும். அன்று நான் ஒலிக்க விடாத அந்த ஒரு நிமிடத்தை அவருக்கு மௌனமாகத் தந்துவிட்டு, அடுத்த பெயரை வாசிக்கிறேன்.